“சாரிடம் பேசினால் ரிலேயில் எடுக்க மாட்டார்” என்ற பயத்துக்கு ஒரு பதில்

உங்கள் மகள் எட்டாம் வகுப்பு, வயது 13, 400 மீட்டர் ஓடுகிறாள். பள்ளி மைதானத்தில் வாரத்துக்கு ஆறு நாள் காலை ஐந்தரை முதல் ஏழரை வரை பயிற்சி. அதுபோக மூன்று நாள் மாலையில் மாவட்ட விளையாட்டரங்கில் வேறொரு பயிற்சியாளரிடம் ஒன்றரை மணி நேரம். உங்கள் கணவர் வேலியோரம் நின்று கைபேசியில் நேரம் எடுத்தபடி சத்தம் போட்டிருக்கிறார். பெற்றோர் யாரும் மைதானத்துக்கு வர வேண்டாம் என்று உடற்கல்வி ஆசிரியர் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே ரிலே அணியில் மகளின் பெயர் இல்லை. அவளோ வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், காலையில் எழ மறுக்கிறாள், ஓட்ட நேரமும் முன்னேறாமல் தேங்கி நிற்கிறது, “சாரிடம் எதுவும் கேட்டுவிடாதீர்கள்” என்கிறாள். இவ்வளவையும் எழுதிவிட்டு, பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படிப் பேசுவது என்பதற்கு வழி சொல்லிவிடலாம். உங்களை உறுத்துவது பேசலாமா என்பதே. பேசினால் பிள்ளையைப் பழிவாங்கிவிடுவாரோ என்று நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். தடகளத்துக்கும் கபடிக்கும் பிள்ளைகளைத் தயார்செய்து பக்கத்துப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டியிலிருந்து மாநிலப் போட்டி வரை அழைத்துப் போயிருக்கிறேன். மருத்துவனோ மனநல ஆலோசகனோ இல்லை. உங்கள் மகளையும் பார்த்ததில்லை, அந்த ஆசிரியரையும் பார்த்ததில்லை. ஆகவே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், என் அனுமானத்தை அனுமானமாகவும் சொல்கிறேன்.

முதலில் பழிவாங்கல். இப்படி நடப்பதே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கேள்வி கேட்ட பெற்றோரின் பிள்ளையை ஓரமாக உட்காரவைத்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஆனால் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்த்தது வேறொரு வகை: பெற்றோர் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று புரியாமல், அவர்களுக்கு அக்கறையில்லை என்றே முடிவுகட்டிக்கொண்டவர்கள். பேசினால் ஆபத்து என்று பெற்றோர் ஒதுங்குகிறார்கள், தொல்லை என்று ஆசிரியர் வேலி போடுகிறார். இரண்டு பக்கத்துச் செய்தியையும் சுமந்துகொண்டு அலைவது அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். “சார் இப்படிச் சொன்னார்” என்று வீட்டிலும், “அப்பா இப்படிச் சொன்னார்” என்று மைதானத்திலும் அவள்தான் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் நேருக்கு நேர் பேசாத ஒவ்வொரு விஷயமும் அவள் தலையில் வந்து இறங்குகிறது. பேச வேண்டாம் என்று அவள் கெஞ்சுவதற்குக்கூட இதுவே காரணமாக இருக்கலாம்.

தடகளத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. கபடியிலோ வாலிபாலிலோ யாரை எடுப்பது என்பது பெருமளவு ஆசிரியரின் கணிப்பு. தனிநபர் ஓட்டத்தில் கடிகாரம் பேசும். பள்ளி அளவில் தேர்வு ஓட்டம் எல்லோர் முன்னிலையிலும் நடக்கட்டும், நேரத்தைப் பலகையில் எழுதிப் போடட்டும் என்று கேட்பதில் தவறே இல்லை, அது யார் மீதும் குற்றம் சாட்டுவதாகாது. கோபம் இருந்தாலும் 400 மீட்டரில் முதலாவதாக வரும் பிள்ளையைக் குறுவட்டத்துக்கு அனுப்பாமல் இருப்பது எந்த ஆசிரியருக்கும் கடினம். பள்ளிக்கு வரும் புள்ளி போய்விடும், தலைமையாசிரியருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ரிலே வேறு. உங்கள் மகளின் வயதுப் பிரிவில் ரிலே என்றால் பெரும்பாலும் 4x100. அதில் நால்வரின் தனித்தனி வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. 30 மீட்டர் எல்லைக்குள், திரும்பிப் பார்க்காமல், முழு வேகத்தில் பேட்டன் என்ற கோல் கை மாற வேண்டும். வளைவில் நன்றாக ஓடுபவர் வேண்டும், கொடுக்கும் கையும் வாங்கும் கையும் பழகியிருக்க வேண்டும். 400 மீட்டரில் சிறந்தவள் நூறு மீட்டரில் முதல் நால்வருக்குள் வராமல் போவது சாதாரணமாக நடப்பது. உங்கள் கணவரின் சத்தத்துக்கும் ரிலே முடிவுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அடுத்தடுத்த வாரத்தில் நடந்தது என்பதை மட்டும் வைத்து நீங்களும் முடிவுகட்ட வேண்டாம்.

இனி அந்த வேலி. வர வேண்டாம் என்று ஆசிரியர் சொன்னதற்கு ஒரு தொழில் காரணம் இருக்கக்கூடும். 400 மீட்டரைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் விரட்ட முடியாது. முதல் வளைவில் வேகம் பிடித்து, எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் தோளையும் தாடையையும் தளர்த்தி, பிடித்த வேகத்தை அதிகம் சிரமப்படாமல் காத்துக்கொண்டு, இரண்டாவது வளைவில் மறுபடி முயன்று, கடைசி எண்பது மீட்டரில் இருப்பதைச் செலவழிப்பது ஒரு கலை. தளர்ந்து ஓடு என்று ஆசிரியர் மாதக்கணக்கில் பழக்கிய அதே நேர்ப்பாதையில், “வேகமாக! வேகமாக!” என்று வேலியிலிருந்து அப்பாவின் குரல் வருகிறது. எந்தப் பிள்ளையும் அப்பா குரலுக்குத்தான் கீழ்ப்படியும். இருநூற்றைம்பதாவது மீட்டரில் காலில் ஈயம் ஏறிவிடும். கடைசியில் தள்ளாடும்போது அப்பாவுக்குப் பயிற்சியில் குறை தெரியும், ஆசிரியருக்கு அப்பாவிடம் குறை தெரியும், ஓடியவளுக்குத் தன்னிடமே குறை இருப்பதாகத் தோன்றும். கைபேசி நேரமும் இப்படித்தான். கையால் எடுக்கும் நேரத்தில் பத்தில் இரண்டு மூன்று நொடி பிசகுவது சகஜம். வேலியோரத்தில் கோணலாக நின்று எடுத்தால் இன்னும் கூடும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேற்றைவிட இன்று குறைந்துவிட்டாய் என்று பிள்ளையிடம் பேசவே கூடாது.

உடற்கல்வி ஆசிரியரின் நாளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலைப் பயிற்சி முடிந்ததும் இறைவணக்கக் கூட்டத்தில் வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும், தாமதமாக வருபவர்களைக் கேட்டில் நிறுத்த வேண்டும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்டிக் காலத்தில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவு, தகுதிப் படிவம், புகைப்படம், பஸ் செலவு எல்லாம் அவர் பொறுப்பு. கையிலிருந்து பணம் போட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கித் தந்தவர்கள் ஏராளம். நன்றி சொல்லிப் பேச்சைத் தொடங்கும் பெற்றோர் அவருக்கு மிக அரிதாகவே கிடைத்திருப்பார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் உங்கள் குரலே மாறிவிடும்.

ஆனாலும் பெற்றோர் வரவே கூடாது என்ற முழுத் தடையை நான் ஏற்கமாட்டேன், இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சத்தம் போடாதீர்கள், ஓடுபாதைக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்று ஆசிரியர் சொல்லலாம். பெற்றோர் எந்த நாளும் எட்டிப் பார்க்க முடியாத பயிற்சி என்று ஒன்று இருக்கக் கூடாது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், நீங்கள் எழுதியதில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் ஒரு கணக்கு. காலையில் ஆறு நாள், இரண்டிரண்டு மணி நேரம்: பன்னிரண்டு. மாலையில் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம்: நாலரை. மொத்தம் வாரத்துக்குப் பதினாறரை மணி நேரம். பள்ளி ஆசிரியருக்குத் தெரிந்தது பன்னிரண்டு மட்டும். விளையாட்டரங்கப் பயிற்சியாளருக்குத் தெரிந்தது நாலரை மட்டும். அவர் ஒரு செவ்வாய் மாலை வேகப் பயிற்சி வைத்திருப்பார், இவர் புதன் காலை அதே தொடைத் தசைகளுக்கு மறுபடி வேகப் பயிற்சி வைத்திருப்பார். இருவருமே தங்கள் அளவில் சரியாகத்தான் செய்கிறார்கள். கூட்டுத்தொகை தெரிந்தவர் வீட்டில் இருக்கும் நீங்கள் மட்டுமே, உங்களை வர வேண்டாம் என்றாகிவிட்டது. சிகாகோ பகுதியில் 7 முதல் 18 வயது வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீரர்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. வயது எத்தனையோ அதைவிட அதிக மணி நேரம் வாரந்தோறும் முறையான பயிற்சி செய்தவர்களுக்கு, ஓயாத உழைப்பால் வரும் கடும் காயங்கள் கூடுதலாக இருந்தன என்பது அதன் முடிவுகளில் ஒன்று. பதின்மூன்று வயதுக்குப் பதின்மூன்று மணி நேரம் என்று அதை ஒரு தோராய அளவாக வைத்துக்கொள்ளலாம். இரும்பு விதியாகக் கொள்ள வேண்டாம், மருத்துவமனைக்கு வந்த அமெரிக்கப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு அது.

தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். நாலே முக்காலுக்கு எழுகிறாள், டியூஷனும் வீட்டுப்பாடமும் முடிந்து பத்தரைக்குப் படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறேகால் மணி நேரம். இந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான பரிந்துரை, இதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. காலையில் எழ மறுப்பது, பேச்சு குறைவது, நேரம் தேங்கி நிற்பது ஆகிய மூன்றுக்கும் களைப்பு ஒன்றே போதுமான காரணமாக இருக்க முடியும். ஆசிரியர் சரியில்லை, அப்பா சரியில்லை என்று போவதற்கு முன் இந்த எளிய காரணத்தைச் சோதித்துவிட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாக ஏறுவது சராசரியாக 12 வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி. அந்தச் சமயத்தில் கால் நீளும், இடுப்பு அகலும், எடை கூடும், ஓடும் விதமே சில மாதம் குழம்பிப்போகும். பன்னிரண்டு வயதில் பையன்களையும் முந்தியவள் பதின்மூன்றில் தேங்கி நிற்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சோம்பேறியாகிவிட்டாள் என்று ஆசிரியரும் வீட்டாரும் ஒரே குரலில் சொல்லும் காலமும் அதுவே. மாதவிடாய் தொடங்கியிருந்தால், ஆண் ஆசிரியரிடம் இன்று முடியவில்லை என்று அவள் எப்படிச் சொல்வாள்? வயிற்றுவலியோடு ஓடுவாள், அல்லது வராமல் நின்றுவிட்டுத் திட்டு வாங்குவாள். இதற்கு நான் கண்ட நல்ல ஏற்பாடு: இன்று லேசான பயிற்சி என்று பிள்ளை சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது என்று ஆசிரியரும் தாயும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. ஒரு பெண் ஆசிரியையைத் தொடர்புக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இதைக் கேட்க உங்களுக்குக் கூச்சம் இருக்கும். கேட்டபோது பெரும்பாலான ஆண் ஆசிரியர்கள் நிம்மதியடைந்ததையே கண்டிருக்கிறேன், அவர்களுக்கும் இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனை ஒன்றும் செய்துவிடுங்கள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 19 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 59 சதவீதத்துக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் மகளின் வயதில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. 400 மீட்டர் ஓடுபவருக்கு இந்தக் குறை நேரடியாகக் காலில் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துவிடலாம். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்படி நடந்துகொள்ளுங்கள். அந்தச் சீட்டை ஆசிரியரிடமும் காட்டுங்கள், சீட்டைக் கண்ட பிறகு சோம்பேறி என்ற பேச்சு நின்றுவிடும்.

இப்போது, பெற்றோர் வரவே கூடாது என்ற அந்தத் தடையைப் பற்றி. மகள் “சாரிடம் பேசாதீர்கள்” என்றதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். இடம் போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். அப்பா எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டதில் வந்த வெட்கமாக இருக்கலாம். இவ்விரண்டுக்குமே வாய்ப்பு அதிகம். மூன்றாவதை நினைக்கவே மனம் ஒப்பாது, ஆனாலும் தனியாக உட்கார்ந்து மெதுவாகக் கேட்டுவிட வேண்டியது தாயின் கடமை: யாராவது உனக்குப் பிடிக்காத விதத்தில் தொட்டார்களா, தனியாக வரச் சொன்னார்களா, இரவில் செய்தி அனுப்புகிறார்களா. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் மீது இளம் வீராங்கனை கொடுத்த புகாரில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி கைது நடந்தது. அதன்பின் மேலும் சிலர் முன்வந்தனர். நான் எந்த ஆசிரியர் மீதும் சந்தேகத்தைக் கிளப்பவில்லை, என் சக ஆசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே பார்த்தவர்கள். ஆனால் நல்ல ஆசிரியருக்குத் திறந்த மைதானத்தால் எந்த நஷ்டமும் இல்லை. மூடிய அறையில் தனிப் பயிற்சி வேண்டாம், தசைப்பிடிப்பு நீவுவதென்றால் பெண் ஒருவர் செய்யட்டும், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் ஆசிரியை உடன் வரட்டும், செய்தி அனுப்புவதென்றால் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்பட்டும். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. ஏதாவது நடந்திருப்பதாகத் தெரிந்தால் பேச்சுவார்த்தை, சமரசம் எதுவும் கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரியவந்த எவரும் புகார் செய்தே ஆக வேண்டும், பள்ளி நிர்வாகமும் மறைக்க முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

பெற்றோரும் பயிற்சியாளரும் நெருக்கமாக இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லமாட்டேன். “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்” என்று பிள்ளையை ஒப்படைத்த தந்தையர் எத்தனையோ பேர். அங்கே இரு பெரியவர்களுக்கும் அருமையான உறவு, அடி வாங்குபவர் மட்டும் மூன்றாமவர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. மைதானத்துக்கு அதில் விலக்கு இல்லை. வயதைக் குறைத்துக் காட்டுவதும் பெரும்பாலும் இரு தரப்பும் சேர்ந்து செய்வதே. ஓராண்டு குறைத்துப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஓடவிட்டால் பதக்கம் சுலபம் என்று தோன்றும். வயது மோசடிக்கு எதிராக 2010இல் தேசிய அளவில் விதிமுறையே வந்துவிட்டது, எலும்பு எக்ஸ்ரேயில் மாட்டிக்கொண்டால் தடை பிள்ளைக்குத்தான். ஆகவே பெரியவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைவிட, பிள்ளைக்குத் தெரியாமல் அவளைப் பற்றி எதுவும் முடிவாகிறதா என்று பார்ப்பதே என் வழக்கம்.

பயிற்சியாளர் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் எவ்வளவு பெரிய மாற்றத்தைத் தரும் என்பதற்கு ஒரு சான்று. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்மித், ஸ்மோல் ஆகியோரின் குழு 1992இல் வெளியிட்ட ஆய்வு அது. சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் சிலருக்கு மட்டும் பருவம் தொடங்கும் முன் சில மணி நேரம் ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். முயற்சியைப் பாராட்டுங்கள், தவறினால் ஊக்கம் கொடுத்துத் திருத்தும் வழியைச் சொல்லுங்கள், தண்டிக்காதீர்கள் என்பதே அதன் சாரம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்பு அணிகளுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு விளையாட்டை விட்டுப் போனவர்கள், பயிலரங்குக்குப் போகாத பயிற்சியாளர்களிடம் 26 சதவீதம், போனவர்களிடம் 5 சதவீதம். ஆய்வு சிறியது, சிறுவர்கள் மட்டும், குழு விளையாட்டு. நம் ஊரில் தடகளம் ஓடும் பெண் பிள்ளைக்கு அதே எண்கள் வரும் என்று கூற முடியாது. ஆயினும் திசை சரி என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் நல்ல திறமையோடு ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைகளிடம் விசாரித்தபோதெல்லாம், தோற்றதற்காக நின்றதாகச் சொன்னவர்களைவிட எல்லோர் முன்னாலும் திட்டப்பட்டதைச் சொன்னவர்களே அதிகம்.

சரி, பேசுவது எப்படி. போட்டி நடக்கும் நாளிலும் பயிற்சி நேரத்திலும் வேண்டாம், அப்போது அவர் கண் இருபது பிள்ளைகள் மேல் இருக்கும். ஒரு நாள் முன்னதாகச் சொல்லி, பள்ளி விட்ட பிறகு கால் மணி நேரம் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே தலைமையாசிரியரிடம் போகாதீர்கள், தன்னைத் தாண்டிப் போனதாக அவர் நினைத்துவிட்டால் பிறகு பேச்சே எழாது. கையில் ஒரு தாள்: திங்கள் முதல் ஞாயிறு வரை அவள் எழும் நேரம், பயிற்சி, பள்ளி, டியூஷன், தூக்கம். போகிறேன் என்பதை மகளிடம் முன்பே சொல்லுங்கள், எதைப் பேசுவேன், எதைப் பேசமாட்டேன் என்பதையும் சொல்லுங்கள். ரிலேயைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். தாளை அவர் முன் வைத்து, “சார், வீட்டில் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாலைப் பயிற்சியையும் சேர்த்தால் பதினாறரை மணி நேரம் வருகிறது, தூக்கம் ஆறேகால் மணி நேரம்தான். எதைக் குறைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அவரிடம் தீர்ப்பு சொல்லாமல் யோசனை கேட்கிறீர்கள். மைதானத்தில் நடந்ததற்கு உங்கள் கணவரே ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டால் மீதிப் பேச்சு மிகச் சுலபமாகிவிடும்.

பேச்சின் பாதியில் மகளையும் உள்ளே அழையுங்கள். மாலை மூன்று நாளை ஒன்றாக்குவதா, காலை ஆறை நான்காக்குவதா என்பதில் அவளுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும். பிறகு விளையாட்டரங்கப் பயிற்சியாளரிடமும் அதே தாளைக் காட்டுங்கள். இரு பயிற்சியாளர்களும் தொலைபேசியில் பேசிக்கொள்ளச் சம்மதித்தால் நல்லது. பல ஊர்களில் அவர்களுக்குள் பிள்ளை யாருடையவள் என்ற போட்டி உண்டு, பதக்கம் வாங்கியதும் புகைப்படத்தில் யார் நிற்பது என்பது வரை. அந்தப் போட்டி தீரவில்லை என்றால் ஒருவரிடம் மட்டும் பயிற்சி என்று முடிவெடுப்பதே மேல், அந்த ஒருவர் யார் என்பதை அவளைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

எதை யார் தீர்மானிப்பது என்பதில் என் கருத்து இது. எந்தப் போட்டியில் யார் ஓடுவது, என்ன பயிற்சி என்பது ஆசிரியருடைய வேலை, அதில் தலையிடாதீர்கள். தேர்வுக்கு என்ன அளவுகோல் என்பதை மட்டும் பருவம் தொடங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடல்நலம், தூக்கம், படிப்பு, பயணம், பிள்ளையை எப்படிப் பேசுகிறார்கள், எப்படித் தொடுகிறார்கள் என்பவை உங்களுடையவை, இவற்றில் ஒரு படிகூட விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் பேசவே மறுத்தால் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி ஒரு முறை கேளுங்கள். அதன்பின் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். தனியார் பள்ளிகளில் இந்தப் படிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் எழுதிய தொனியில் கோபம் தெரிகிறது. விடியற்காலையில் மகளோடு எழுந்து மைதானத்துக்கு வரும் தந்தைகள் குறைவு, அந்த அக்கறையை விரட்டிவிட வேண்டாம், வேறு வேலை கொடுங்கள். குறுவட்டப் போட்டியன்று வெயிலில் பிள்ளைகளுக்குத் தார்ப்பாய் கட்ட, தண்ணீர் கொண்டுவர, ஆணி வைத்த ஓட்டக் காலணிகளான ஸ்பைக்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ள, பிறப்புச் சான்றிதழும் படிவங்களும் சரிபார்க்க ஆள் இல்லாமல் எந்த ஆசிரியரும் திண்டாடுவார். நான் வருகிறேன் சார் என்று உங்கள் கணவர் கேட்டால் தடை தானாகவே தளரும் என்பது என் அனுபவம். ஓட்டம் முடிந்து வண்டியில் திரும்பும்போது மட்டும் ஓட்டத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கக் கூடாது. அவளாகத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளலாம். அவர் மனத்தில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருப்பது உண்மை, ஆனால் அங்கே எடைபோடப்படுவது மேல் வகுப்புகளில் மாநில, தேசிய அளவில் வாங்கும் சான்றிதழ்கள். எட்டாம் வகுப்பில் ஒரு ரிலே போனதால் அந்தக் கதவு மூடிவிடாது. இப்போது களைத்துப்போய் நின்றுவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் ஓட ஆளே இருக்காது.

கடைசியாக, அவள் ஓடவே வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சியைக் குறைத்து, தூக்கத்தைச் சரிசெய்து, ரத்தச் சோதனையும் பார்த்து மூன்று நான்கு வாரம் கொடுங்கள். அதன் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். பதின்மூன்று வயதில் விட்டுவிட்டுப் பதினைந்தில் வாலிபாலுக்கோ, மறுபடி ஓட்டத்துக்கோ வந்த பிள்ளைகள் உண்டு. அப்படி முடிவானால், ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட அவளை விடாதீர்கள், அவளைத் தனியாகவும் அனுப்பாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள். ஆசிரியரிடம் அவளே சொல்லட்டும், இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்ததற்கு நீங்கள் நன்றி சொல்லுங்கள், மறுபடி வர விரும்பினால் சேர்த்துக்கொள்வீர்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.